சல்வானி பார்க்காத எண்ணெய்

கோலாலம்பூரில் சல்வானியைவிட அதிகமாகச் செம்பனை எண்ணெய் விற்றவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பதின்மூன்று வருடமாக, வாரத்தில் ஐந்து நாள், எண்ணெய் வாங்குவதும் விற்பதும்தான் அவளுக்கு வேலை. சில நாட்களில் இரண்டாயிரம் டன்னைக்கூடத் தாண்டியிருக்கிறாள். ஆனால் அதில் ஒரு சொட்டைக்கூட அவள் கண்ணால் கண்டதில்லை. சுத்திகரிக்காத அந்தக் கச்சா எண்ணெயின் நிறம் என்ன, வாசம் என்ன என்று கேட்டால் திருதிருவென்று முழிப்பாள். வீட்டில் மீன் பொரிக்கிற எண்ணெய் பாக்கெட்டில் வருவது, அது வேறு சங்கதி.

வட்டி ஹராம், வியாபாரம் ஹலால். அதனால் இஸ்லாமிய வங்கி யாருக்கும் பணத்தைக் கொடுத்து வட்டி வாங்க முடியாது. கூரை மாற்ற இருபதாயிரம் ரிங்கிட் வேண்டும் என்று ஒருவர் வந்தால், வங்கி அந்தத் தொகைக்குச் சந்தையில் ஒரு தரகர் கம்பெனி மூலம் எண்ணெய் வாங்கும். அதை லாபம் வைத்து, தவணையில் அவருக்கு விற்கும். டன் கணக்கில் எண்ணெயை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? 'எனக்காக நீங்களே விற்றுக் கொடுங்கள்' என்று வங்கியையே முகவராக்கிக் கையெழுத்துப் போடுவார். வங்கிக்காக அந்த முகவர் வேலையைப் பார்ப்பது நம் சல்வானி. அவள் விற்றதும் ரொக்கம் அவர் கணக்குக்குப் போய்விடும். மூன்று வியாபாரமும் நான்கு நிமிடத்தில் முடிந்துவிடும். ஆரம்ப காலத்தில் ஒவ்வொன்றுக்கும் தொலைபேசியில் 'விற்றேன்', 'வாங்கினேன்' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும், சாயங்காலத்துக்குள் தொண்டை கட்டிவிடும். இப்போது நானூறு பேருடைய எண்ணெயைக் கணினியில் ஒரே தட்டில் விற்றுவிடலாம்.

இதென்ன தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை என்று சிரிக்கிறவர்கள் உண்டு. சிரிக்கட்டும். கல்யாணம்கூட நாலு வார்த்தைதான். அந்த நாலு வார்த்தையைச் சொல்லாமல் ஒரு வீட்டில் குடித்தனம் நடத்திப் பாருங்கள், ஊர் சும்மா விடுகிறதா என்று தெரியும். சல்வானி அந்த வார்த்தைகளை நம்பினாள். அவள் நம்பியதற்கு ஒரு காரணம் இருந்தது.

அவள் முதலில் வேலை பார்த்தது வட்டி வங்கியில். கெடா மாநிலத்தில் யான் என்ற ஊருக்குப் பக்கத்து வயல்காரரான அவள் அப்பா லாசிம், மகள் மாதாமாதம் அனுப்பிய பணத்தில் ஒரு கைப்பிடி அரிசி வாங்கியது கிடையாது. திருப்பி அனுப்பவும் இல்லை, மகள் மனசு நோகுமே. ஐந்து வருடம் சேர்த்துவைத்து, ஊர்த் தொழுகைக்கூடத்துக்குப் பின்னால் கழிப்பறை கட்டிக்கொடுத்தார். வட்டிப் பணம் அதற்குத்தான் ஆகும் என்பது அந்த ஊர் வழக்கம். சுவரில் ஓடு பதித்து, நல்ல குழாய் போட்டு, அருமையாகக் கட்டியிருந்தார். பெருநாளுக்கு ஊர் போன சல்வானியிடம் அதைக் காட்டி, "இந்தா, உன் அஞ்சு வருஷம்" என்றார். கிண்டலாக இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். அவள் அன்றைக்கு அழுத அழுகையை யாரிடமும் சொன்னதில்லை.

அடுத்த வருடமே சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை என்று இஸ்லாமிய வங்கிக்கு மாறினாள். அந்த முதல் மாதச் சம்பளத்தில் அவள் வாங்கி அனுப்பிய அரிசியை அப்பா சாப்பிட்டார். ஏழாம் வருடம் அவள் பணத்திலேயே ஹஜ்ஜுக்குப் போய்வந்தார். திரும்பி வந்த மூன்றாம் மாதம் மௌத்தாகிவிட்டார்.

இப்படி நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்த வண்டிக்கு, ஒரு புதன்கிழமை காலை ஒரு விண்ணப்பம் வந்து குறுக்கே விழுந்தது. விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில் இரண்டு கட்டங்கள் இருக்கும். 'எண்ணெயை வங்கியே விற்கட்டும்' என்பது ஒன்று, 'நானே எடுத்துக்கொள்கிறேன்' என்பது மற்றொன்று. முதல் கட்டத்தில் அச்சிடும்போதே சரி போட்டிருக்கும், வாங்குகிறவர்களுக்கு எதற்குச் சிரமம் என்று. இந்த ஆள் அந்தச் சரியைப் பேனாவால் அடித்துவிட்டு, இரண்டாவது கட்டத்தில் அழுத்தமாகச் சரி போட்டிருந்தார். பெயர் துக்கிமான், வயது அறுபத்தாறு, ஊர் சபாக் பெர்ணம், தொகை இருபதாயிரம். அன்றைய விலைக்கு ஐந்து டன் வரும்.

பத்து மணிக்கே மேலாளர் ரிஸால்மான் அவளைக் கூப்பிட்டுவிட்டார்.

"சல்வானி, இந்த ஆளு என்ன கேக்குறார்னு பாத்தியா?"

"எண்ணெய் கேக்குறார், பாஸ்."

"எண்ணெயா! நாம என்ன மளிகைக் கடையா வச்சிருக்கோம்? போன் போட்டுப் பேசு. முதல் கட்டத்துல சரி போட்டு அனுப்பச் சொல்லு."

"படிவத்துல நாமதானே பாஸ் எழுதியிருக்கோம், எடுத்துக்கலாம்னு?"

"எழுதியிருக்கோம். யாராச்சும் எடுப்பாங்கன்னா எழுதினோம்?" ரிஸால்மான் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "இங்க பாரு. அடுத்த மாசம் சுகூக் பத்திரம் வெளியிடுறோம். இந்த எண்ணெய் ஒப்பந்தங்கள வச்சுத்தான் அந்தப் பத்திரமே நிக்குது. அத வாங்க வளைகுடாவுலேருந்து ஆளுங்க வர்றாங்க. அங்க இருக்குற மார்க்க ஆலிம்கள்ல பல பேரு இப்பவே நம்ம வியாபாரத்தப் பார்த்து மூக்கச் சுளிக்கிறாங்க. இந்த நேரத்துல ஒருத்தர் எண்ணெய் கேட்டு, குடுக்க லேட்டாச்சுன்னு பேப்பர்ல வந்தா என்ன ஆகும்? வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள்ள, சந்தை ஜும்மா தொழுகைக்கு மூடுறதுக்கு முன்னாடி, அவர் கையெழுத்து வேணும்."

"அவர் மாட்டேன்னா?"

"முகவர்னு இருக்குறது உன் பேரு. வாடிக்கையாளருக்கு ஒழுங்கா விளக்காதது உன் தப்புன்னுதான் எழுதவேண்டி வரும். அப்புறம் உனக்கு இங்க வேலை இருக்காது. மனசுல வச்சுக்க."

எள்ளு எண்ணெய்க்குக் காய்கிறது, எலிப்புழுக்கை எதற்குக் காய்கிறது என்று நம் ஊரில் கேட்பார்கள். வங்கிக்குச் சுகூக், ரிஸால்மானுக்குப் பதவி உயர்வு. நடுவில் இவள் எதற்குக் காய வேண்டும்? ஆனால் நாற்காலிக்குத் திரும்பிய சல்வானிக்கு வேலை போகிற பயம் இரண்டாவதாகத்தான் வந்தது. முதலில் வந்தது ஒரு கேள்வி. பதின்மூன்று வருடத்தில் ஒரு நாளும் வராத கேள்வி அது. அந்த எண்ணெய் உண்மையில் இருக்கிறதா?

மார்க்கச் சட்டப் பிரிவில் இருக்கும் உஸ்தாஸ் சுஹைமி நல்ல மனிதர். சாப்பாட்டு நேரத்தில் அவர் மேசைக்குப் போய் உட்கார்ந்தாள்.

"உஸ்தாஸ், ஒண்ணு கேக்கட்டுமா? நாம விக்கிற எண்ணெய் நிஜமா இருக்கா?"

"சான்றிதழ் இருக்கே."

"சான்றிதழ் இருக்கறது எனக்கும் தெரியும். எண்ணெய் இருக்கா?"

"தரகர் கம்பெனி இருக்குன்னு எழுதிக் குடுக்குது. நாம நம்புறோம்."

"ஒருத்தர் கேட்டுக் குடுக்க முடியலேன்னா?"

உஸ்தாஸ் கரண்டியைக் கீழே வைத்தார். "அப்ப அது வியாபாரமே இல்ல. காத்த வித்த மாதிரிதான். வந்த லாபம் நமக்கு ஆகாது, தர்மத்துக்குப் போயிடணும்."

"அந்த ஒருத்தரோடது மட்டுமா? இல்ல பதிமூணு வருஷத்தோடதுமா? என் சம்பளம் அதுலேருந்துதானே உஸ்தாஸ் வந்துச்சு?"

"அத எங்கிட்ட கேக்காத, சல்வானி. எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கு." அவர் தட்டில் பாதிச் சோறு அப்படியே மிஞ்சியது.

மத்தியானம் தரகர் கம்பெனிக்குப் போன் செய்தாள். எடுத்த பையன் உற்சாகமான பேர்வழி.

"எண்ணெய் கிள்ளான் பக்கம்தான் இருக்கு, அக்கா."

"எந்தத் தொட்டியில?"

"நம்பர் மாறிக்கிட்டே இருக்கும். கணினிதான் ஒதுக்கும்."

"நான் வந்து பாக்கலாமா?"

"ஏன்க்கா, பதிமூணு வருஷம் கழிச்சு இப்பத்தான் ஆசை வந்துச்சா?"

"விளையாடாத தம்பி. வெள்ளிக்கிழமை டாங்கர் வந்தா அஞ்சு டன் ஊத்துவீங்களா, மாட்டீங்களா?"

"எழுதிக் கேளுங்கக்கா. பதினாலு வேலை நாள்ல பதில் வரும்" என்று அதே உற்சாகத்தோடு சொல்லி வைத்துவிட்டான். இருக்கிறது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இல்லை என்றிருந்தாலாவது அழுது தீர்த்திருக்கலாம்.

துக்கிமானுக்குப் போன் செய்தபோது பின்னால் கோழிகள் கத்திக்கொண்டிருந்தன. பெரியவரை மலாய் வழக்கப்படி 'பாக்சிக்', அதாவது மாமா, என்று கூப்பிட்டாள்.

"பாக்சிக், நீங்க தெரியாம ரெண்டாவது கட்டத்துல போட்டுட்டீங்களோன்னுதான் கூப்பிட்டேன்."

"தெரிஞ்சுதான் போட்டேன், பிள்ளை. முப்பத்தொரு வருஷம் எண்ணெய் ஆலையில தொட்டி அளக்குற வேலை பார்த்தவன் நான். தொட்டிக்குள்ள நாடாவ விட்டு, எவ்வளவு நிக்குதுன்னு கண்ணால பார்க்காம ஒரு தடவகூடக் கையெழுத்துப் போட்டதில்ல. இப்ப நீங்க அஞ்சு டன் எனக்கு வித்துட்டேன்னு காகிதம் நீட்டுறீங்க. பார்க்க வேண்டாமா?"

"அதை வச்சு என்ன பண்ணுவீங்க? ஏத்துக்கூலி, வாடகை, எல்லாம் ஆகுமே?"

"ஆகட்டும். பழைய ஆலையில டாங்கர் தர்றேன்னுட்டாங்க."

"கச்சா எண்ணெய வச்சிருக்க அரசாங்க உரிமம் வேணும், பாக்சிக்."

"மச்சினன் சோப்பு காய்ச்சுறான். அவங்கிட்ட இருக்கு. அவனே வாங்கிக்குவான், என் கூரைக்குப் பணமும் ஆச்சு. வேற என்ன தடை வச்சிருக்க? சொல்லு, வரிசையாச் சொல்லு."

சல்வானிக்குத் தன்னையறியாமல் சிரிப்பு வந்துவிட்டது. போனை வைத்தபோது நெஞ்சுக்குள் என்னவோ இளகியிருந்தது. இந்த மனுஷன் விடமாட்டார். இவர் டாங்கரைக் கொண்டுபோய்த் தொட்டிக்கடியில் நிறுத்தினால், குழாயைத் திறந்தே ஆகவேண்டும். எண்ணெய் வந்தால் வேலை போனாலும் போகட்டும், அவள் பதின்மூன்று வருடமும் அப்பாவின் ஹஜ்ஜும் பத்திரம். வராவிட்டால்? வராவிட்டால் என்ன என்பதை அவள் நினைக்கவில்லை. நினைக்க முயன்றபோதெல்லாம் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தாள்.

வியாழக்கிழமை ரிஸால்மான் மூன்று தடவை வந்து எட்டிப்பார்த்தார். சாயங்காலம் ஒரு தாளை அவள் மேசையில் வைத்தார். துக்கிமான் தன் விருப்பத்தின்பேரில் முடிவை மாற்றிக்கொண்டதாக எழுதியிருந்தது. "நேர்ல போயிடு. பொம்பளப் பிள்ளை போய்க் கேட்டா பெரியவங்க மனசு இளகும்" என்றார். அந்த வார்த்தைக்கே அவர் மூஞ்சியில் தாளைக் கிழித்து எறிந்திருக்க வேண்டும். அவள் மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். வீட்டில் இரண்டு பிள்ளைகள், ஓட்டுநர் வேலை பார்க்கும் கணவன். இருதலைக்கொள்ளி எறும்பு எந்தப் பக்கம் ஓடும்?

வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்குச் சபாக் பெர்ணம் போய்ச் சேர்ந்தாள். துக்கிமான் வீட்டு முற்றத்தில் டாங்கர் நின்றது. உள்ளும் புறமும் கழுவித் துடைத்து, பெண் பார்க்கப் போகிற மாப்பிள்ளையைப்போல நின்றது. அதன் ஓட்டுநர் நிழலில் உட்கார்ந்து புகைத்துக்கொண்டிருந்தார்.

துக்கிமானின் மனைவி பொனிரா தேநீரும், சோயாவில் செய்து சுடச்சுடப் பொரித்த தெம்பேயும் கொண்டுவந்து வைத்தார். சல்வானி வேண்டாம் என்றாள். தட்டு அவள் பக்கம் நகர்ந்தது. மறுபடி வேண்டாம் என்றாள். இரண்டு துண்டு அவள் கைக்கே வந்துவிட்டது. ஜாவா வம்சத்து வீடுகளில் 'வேண்டாம்' என்பது மரியாதைக்குச் சொல்லும் சொல். விருந்தாளி எவ்வளவு மறுக்கிறாரோ அவ்வளவு ஆசை என்று கணக்கு. உண்மையிலேயே வேண்டாம் என்கிறவன் அங்கே வயிறு வெடித்துச் சாக வேண்டியதுதான்.

சல்வானி வங்கி சொல்லிக்கொடுத்ததை எல்லாம் ஒப்பித்தாள். சேமிப்புக் கட்டணம், தாமதம், விலை இறங்கும் அபாயம். துக்கிமான் ஒவ்வொன்றையும் கையால் ஈ ஓட்டுவதுபோல ஓட்டினார்.

"பிள்ளை, நல்ல எண்ணெய் எப்படி இருக்கும் தெரியுமா? செக்கச்செவேல்னு இருக்கும். ஆற விட்டா உறைஞ்சுபோயிடும், அதனால தொட்டியில சூடாவே வச்சிருப்போம். மூடியத் தொறந்தா மூஞ்சியில ஆவி அடிக்கும். முப்பத்தொரு வருஷம் அந்த வாசத்துலதான் சோறு தின்னேன். நீ பார்த்திருக்கியா?"

"இல்ல, பாக்சிக்."

"எவ்வளவு வித்திருப்ப?"

"தெரியல. லட்சக்கணக்குல டன் இருக்கும்."

"ஒரு தடவகூடப் பார்த்ததில்லையா?"

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்கத் தேநீர்க் குவளையை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டாள். துக்கிமான் அதைக் கவனித்துவிட்டார்.

"நான் எண்ணெய எடுத்தா உன் வேலைக்கு ஏதும் வருமா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் வாய் வரவில்லை. பொனிரா கணவனின் தோளில் கைவைத்து, "போட்டுக்குடுங்க. யாரு பெத்த பிள்ளையோ, முகம் வாடிக்கெடக்கு" என்றார்.

"எங்க அந்தக் காகிதம்?" என்று துக்கிமான் கையை நீட்டினார்.

அப்போதுதான் சல்வானிக்கு விஷயம் உறைத்தது. எவருடைய பிடிவாதத்தை நம்பி இரண்டு நாள் மூச்சு விட்டாளோ, அவர் அவளுக்காகவே அதை விட்டுக்கொடுக்கிறார். "போடாதீங்க, பாக்சிக்" என்றாள்.

"அட, பரவாயில்ல."

"நிஜமாத்தான் சொல்றேன். போடாதீங்க. போய் எண்ணெய எடுங்க."

துக்கிமான் மனைவியைப் பார்த்துச் சிரித்தார். "பார்த்தியா, எவ்வளவு மரியாதையான பிள்ளை. இந்தக் காலத்துல யாரு இப்படிச் சொல்லுவா?"

"பாக்சிக், உங்க காலைப் பிடிச்சுக் கேக்குறேன், வேண்டாம்."

அவள் கெஞ்சக் கெஞ்ச அவர் மனம் இன்னும் உருகியது. பாதி வெளியே நீட்டியிருந்த தாளை அவள் பையிலிருந்து தானே மெல்ல இழுத்து, முழங்காலில் வைத்து, தொட்டி அளந்த நாளில் போட்டதுபோல நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். தேதியும் போட்டார். அவள் இதைவிடத் தெளிவாக எந்த மொழியில் சொல்வாள்? அந்த வீட்டில் அதற்கு வார்த்தை கிடையாது.

தாளை அவளிடம் கொடுத்துவிட்டு, துக்கிமான் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இப்ப கையெழுத்து ஆச்சு. நான் யாருகிட்டயும் போய்ச் சொல்லப்போறதில்ல. எனக்கு மட்டும் சொல்லு, பிள்ளை. எண்ணெய் இருக்குதானே? இந்தக் கூரைக்குக் கீழதான் நான் தொழணும், அதனாலதான் கேட்டேன். வேற ஒண்ணுமில்ல."

அவளை எந்தக் கேள்வி மூன்று நாளாகக் குடைந்ததோ, அதையே அவர் அவளிடம் கேட்கிறார். உஸ்தாஸுக்குச் சான்றிதழ் இருந்தது, தரகருக்குக் கணினி இருந்தது. இந்தக் கிழவருக்கு இருந்தது இவள் ஒருத்திதான். தெரியாது என்றால் உண்மை. ஆனால் கையெழுத்துப் போட்டுவிட்ட மனுஷனிடம், இனித் திரும்பிப்போக வழியில்லாதவரிடம், தெரியாது என்று சொல்லி அவர் தொழுகையிலும் முள்ளைப் போடுவதா?

"இருக்கு, பாக்சிக்" என்றாள்.

"அது போதும்." துக்கிமான் எழுந்து வாசலுக்குப் போய் ஓட்டுநரிடம் கத்தினார். "டேய், வண்டிய எடுத்துட்டுப் போ. எண்ணெய் இருக்காம். பேங்குல அத விக்கிற பிள்ளையே நேர்ல வந்து சொல்லிட்டா."

மணி பதினொன்றே முக்கால். ரிஸால்மானிடமிருந்து கைப்பேசியில் ஒரு கேள்விக்குறி வந்திருந்தது. சல்வானி காரில் ஏறி, கதவைச் சாத்தி, மடிக்கணினியைத் திறந்தாள். காலி டாங்கர் பின்னால் நகர்ந்து நகர்ந்து சாலைக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. அது போகும்வரை காத்திருக்க நேரமில்லை. முகவர் என்ற இடத்தில் தன் பெயரைத் தட்டி, துக்கிமானின் ஐந்து டன்னை விற்றாள். நான்கு நிமிடம் ஆனது.